எண்பது லிட்டர்

"மொதல்ல தண்ணிய எழுதுல" என்றாள் அக்கா.

நோட்டுப் புத்தகத்தின் முதல் வரியில் நான் அப்போதுதான் 'டென்ட் – 2' என்று எழுதியிருந்தேன். மஸ்கட்டில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் ஓமான் வரைபடம் விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் ஊறுகாய் பாட்டில், இன்னொரு மூலையில் உப்பு ஜாடி. அத்தான் பென்சிலால் ஒரு வளையம் வரைந்திருந்தார். மஸ்கட்டிலிருந்து தென்மேற்கே நிஸ்வா வழியாக ஜெபல் ஷம்ஸ் மலை. அங்கிருந்து இறங்கித் தென்கிழக்கே வஹீபா மணல். அதைத் தாண்டி, கிழக்குக் கோடியில் ஆமைகள் கரையேறும் ராஸ் அல் ஜின்ஸ். பிறகு கடலோரமாகவே சூர், ஃபின்ஸ் என்று வடக்கே ஏறி மறுபடி மஸ்கட். மொத்தம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மலையிலும் பாலைவனத்திலும் கடற்கரையிலும் கூடாரம் போட்டுத் தூங்குவதாகத் திட்டம். ஐந்து பகல், நான்கு இரவு.

டென்ட்டை அடித்துவிட்டுத் 'தண்ணீர்' என்று எழுதினேன். "எவ்வளவுக்கா?"

"ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். குடிக்க, கஞ்சி வைக்க, பல் தேய்க்க எல்லாம் அதுக்குள்ள. நாலு பேரு, அஞ்சு நாளு. எம்பது."

அத்தான் சிரித்தார். "வழி நெடுக பெட்ரோல் பங்க் இருக்கு, கடை இருக்கு. எதுக்கு எண்பது கிலோவை வண்டியில ஏத்திக்கிட்டு?"

"கடை இருக்கிற எடத்துல நாம தூங்கப் போறதில்லையே."

அதற்கு மேல் பேச்சில்லை. நாங்கள் கோவில்பட்டியில் வளர்ந்தவர்கள். எங்கள் சிறு வயதில் வாரக்கணக்கில் குழாய் வராது. வருகிற அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக் குடம் வரிசையில் நின்றவள் அக்கா. வீட்டில் எத்தனை குடம் தண்ணீர் இருக்கிறது என்பது அம்மாவைவிட அவளுக்குத்தான் தெரியும். மஸ்கட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் வீட்டில் இத்தனை வருடம் வாழ்ந்தும் அந்தக் கணக்கு அவளை விட்டுப் போகவில்லை. கொட்டுகிற தண்ணீரும் சாமானியமாக வந்ததில்லை. ஓமானின் குடிநீரில் பெரும்பங்கு கடல்நீரை உப்பு நீக்கி எடுப்பது. அந்த வேலையை மஸ்கட்டின் குப்ரா ஆலை 1976இலேயே தொடங்கிவிட்டது.

பத்து லிட்டர் கேன்கள் எட்டு வந்தன. அதில் ஒன்றின் கழுத்தில் அக்கா சிவப்புக் கயிறு கட்டினாள். "இது தொடக் கூடாது" என்றாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஓமானில் பெரும்பாலான இடங்களில் கூடாரம் போடச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வீடுகள், தோட்டங்கள், காப்பகங்கள் இவற்றை விட்டு விலகிய வெட்டவெளியில் படுத்துக்கொள்ளலாம். ஊர் கொடுக்கிற இந்தச் சலுகைக்கு ஈடாக, தேவையானதையெல்லாம் நாமே சுமந்துபோய் மிச்சத்தையும் நாமே சுமந்துவர வேண்டும். அதனால்தான் இங்கே பயணத்தில் பாதி சாப்பாட்டு மேசையிலேயே நடந்துவிடுகிறது. காலம், அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை. கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல். மணலுக்கு அது இல்லாமல் முடியாது. அடுப்புக்குச் சின்ன கேஸ் சிலிண்டர். ஒரு மண்வெட்டி, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், குப்பைக்கு முரட்டுப் பைகள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்தான் தகராறு. கடலிலிருந்து தொடங்கலாம் என்றார் அத்தான். அக்கா மறுத்தாள். மலைக்குக் கம்பளி வேண்டும், கம்பளிதான் வண்டியில் பாதி இடத்தை அடைக்கும். முதல் இரவே அதை முடித்துவிட்டால் அடியில் போட்டுவிடலாம். ஐஸ் பெட்டியில் இருக்கும் மீனும் காய்கறியும் முதல் இரண்டு நாள்தான் தாங்கும். மணலில் புரண்ட உடம்போடு கடைசியில் கடலில் விழலாம். எல்லாம் சரியான காரணங்கள். பள்ளி விடுமுறையில் இருந்த அக்கா மகள் அதையெல்லாம் பேனாவில் எழுதிக்கொண்டு வந்தாள். நான்காம் நாளுக்கான 'வாதி ஷாப்' பள்ளத்தாக்கு வந்ததும் அக்கா சொன்னாள்: "அத மட்டும் பென்சில்ல எழுது."

*

டிசம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, இருட்டோடு கிளம்பினோம். ஓமானில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நிஸ்வாவின் ஆட்டுச் சந்தை வெள்ளி காலையில்தான் கூடும்.

நிஸ்வாவுக்கு முன்னால் சமாயில் கணவாயில் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கருகிய அடுப்புக் கல் போன்ற குன்றுகள் நெருங்கி வருகின்றன. ஒரு புல் பூண்டு கிடையாது. பார்த்தால் எரிமலைக் காடு என்று தோன்றும். உண்மையில் அது கடலின் அடித்தளம். சுமார் ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் டெத்திஸ் என்ற பழங்கடலின் அடியில் உருவான பாறைத்தட்டு, நிலத்தட்டுகள் மோதியபோது அடியில் போகாமல் கரைமேல் ஏறிக்கொண்டது. உலகில் இந்த வகைப் பாறை இவ்வளவு பரப்பில், இவ்வளவு துலக்கமாக வெளியே தெரிவது அபூர்வம் என்பதால் நிலவியல் படிப்பவர்கள் இங்கே யாத்திரை போல வருகிறார்கள். அக்கா மகள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "அப்போ நாம இப்ப கடலுக்கு அடியிலயா போறோம் மாமா?" என்றாள். ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

சந்தையில் விற்கிறவர்கள் ஆட்டை இழுத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருகிறார்கள். வாங்குகிறவர்கள் வட்டத்தின் உள்ளும் புறமும் நின்று கையை நீட்டி நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பார்த்து, விலை கேட்டு அனுப்புகிறார்கள். எட்டயபுரம் சந்தையைப் பார்த்தவனுக்கு மொழி தேவைப்படவில்லை. பேரீச்சம்பழம் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு மலைச்சரிவுக் கிராமமான மிஸ்ஃபாவுக்கு ஏறினோம்.

மிஸ்ஃபாவில் தெரு எது, வாய்க்கால் எது என்று பிரிக்க முடியாது. மண் வீடுகளுக்கு நடுவே, பேரீச்சை நிழலில், ஒரு முழ அகல வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. இதைத்தான் ஃபலஜ் என்கிறார்கள். மலையடி ஊற்றிலிருந்தோ நிலத்தடி நீரிலிருந்தோ, எந்த இயந்திரமும் இல்லாமல், சரிவை மட்டும் நம்பிப் பல கிலோமீட்டர் தூரம் தண்ணீரைக் கொண்டுவரும் கால்வாய். இன்னும் சுமார் 3,000 ஃபலஜ்கள் ஓமானில் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. ஊருக்குள் நுழையும் இடத்தில் முதலில் குடிக்க எடுப்பார்கள். பிறகு பள்ளிவாசல், குளிக்க, துவைக்க. அதன் பிறகுதான் பேரீச்சை. மிச்சமிருந்தால் பருவப் பயிர். ஒவ்வொரு தோட்டத்துக்குமான பங்கு, நேரத்தால் அளக்கப்படுகிறது. ஓர் 'அதர்' என்பது ஏறக்குறைய அரை மணி நேரம். பகலில் நட்டுவைத்த கம்பின் நிழலும் இரவில் நட்சத்திரங்களும் கடிகாரமாக இருந்தன.

நம் கண்மாய்ப் பாசனத்திலும் நீர்க்கட்டி என்று ஓர் ஆள் இருந்தார். யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று மடை திறந்து மடை அடைப்பவர். அவருடைய சொல்லுக்கு எந்தப் பண்ணையாரும் மறுபேச்சுப் பேச முடியாது என்பார்கள். மிஸ்ஃபாவின் வாய்க்காலில் ஒரு சின்ன மடையைத் துணி சுற்றிய கல்லால் அடைத்து வைத்திருந்தார்கள். அக்கா குனிந்து அதை ரொம்ப நேரம் பார்த்தாள். தொடவில்லை.

ஜெபல் ஷம்ஸ் என்றால் சூரிய மலை. உச்சி சுமார் 3,000 மீட்டர், ஓமானிலேயே உயரம். உச்சியில் ராணுவம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் தங்குவது அதற்குக் கீழே, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துச் சமதளத்தில். அந்தச் சமதளம் திடீரென்று ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வாதி குல் பள்ளத்தாக்கு, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழம். விளிம்பில் நின்றபோது கால் கூசியது. அடியில் நூல் போலத் தெரிந்த வெள்ளைக் கோடு, காய்ந்த ஆற்றுப் படுகை. இந்த மலையை இவ்வளவு ஆழமாக அறுத்தது தண்ணீர்தான். அறுபட்ட சுண்ணாம்புப் பாறையும் ஆழமில்லாத பழங்கடலில் படிந்ததுதான்.

கூடாரத்தின் முளையை அடித்தால் பாறையில் நுழையவில்லை, வளைந்தது. கடைசியில் கயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டினோம். இந்த மலையின் ஆடுகளைப் பற்றி அக்கா முன்பே எச்சரித்திருந்தாள். நான் அதைப் பட்டியலில் எழுதவில்லை. காகிதத் தட்டு, பிரெட் பாக்கெட், ஒரு வாழைப்பழம், அதோடு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் எல்லாம் அரை நிமிடத்தில் போயின. பக்கத்தில் ஆட்டு ரோமத்தைத் தக்ளியில் திரித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் சிரிப்பை மறைக்கவே இல்லை.

அந்த இரவின் குளிரை எழுத எனக்கு அனுபவம் போதாது. கரிசல்காட்டுக்காரனுக்குக் குளிர் என்பது மார்கழிப் பனியோடு முடிந்துவிடும். இரண்டு கம்பளிக்குள்ளும் பற்கள் தாளம் போட்டன. விடிந்ததும் அக்கா மகள் வெளியே ஓடியவள், கழுவாமல் விட்ட பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீரின் மேல் கண்ணாடி போல ஓர் ஏடு. "ஐஸ் மாமா!" அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு, உடையாமல் எடுத்துக் காபிச் சட்டியில் போட்டாள்.

*

மலையிலிருந்து மணலுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. சாலை, வாதி என்கிற மழையாற்றுப் படுகைகளைக் குறுக்கே தாண்டும் இடமெல்லாம் ஓரத்தில் வெள்ளையும் சிவப்பும் அடித்த கம்பங்கள் நிற்கின்றன. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் போகக் கூடாது. எலும்பு போலக் காய்ந்த படுகைகள்தான். பார்த்தால் அந்தக் கம்பங்கள் வேடிக்கையாக இருக்கும். அத்தான் வேகத்தைக் குறைத்து, "சமத் அஷ் ஷான் இந்தப் பக்கம்தான்" என்றார். 2024 ஏப்ரல் 14 அன்று, பள்ளி விட்டு வந்த பிள்ளைகளை ஏற்றிய வண்டியை வாதி வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஊர். அதன் பிறகு கொஞ்ச தூரம் வண்டியில் பாட்டு ஓடவில்லை.

பாலைவனத்தின் வாசல் பிதியா. வாசலில் இருக்கிற டயர் கடைகளில் காற்றைக் குறைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். தார்ச் சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருக்கிற அழுத்தத்தை 15, 18 வரைக்கும் இறக்கினால் டயர் தட்டையாகி, ஒட்டகத்தின் பாதம் மாதிரி மணல்மேல் பரவும். எனக்குப் பயம். "இவ்வளவு குறைச்சா ரிம்மு போயிராதா அத்தான்?" என்று சொல்லிச் சொல்லி 22இல் நிறுத்த வைத்தேன்.

வஹீபா மணல்காடு சுமார் 12,500 சதுர கிலோமீட்டர். மணல்மேடுகள் வடக்கு தெற்காக நீண்ட சுவர்கள் போல வரிசையாகப் படுத்திருக்கின்றன. சில 100 மீட்டர் உயரம். இரண்டு சுவர்களுக்கு நடுவே உள்ள தடத்தில் போகும்வரை சுகம். சுவரைக் குறுக்கே ஏற நினைத்தால் வேறு கதை. நாங்கள் குறுக்கே ஏறினோம். பாதியில் வண்டி மூச்சுத் திணறி நின்றது. அத்தான் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டியது. இறங்கி மண்வெட்டியால் அள்ளினோம். அள்ளிய இடத்தில் மறுபடி மணல் சரிந்து நிறைந்தது.

அரை மணி கழித்து ஒரு வெள்ளை பிக்கப் வந்தது. வெள்ளை அங்கியும் தலையில் முண்டாசுமாக இறங்கிய பெதுவின் இளைஞர் எதுவும் கேட்கவில்லை. டயரை ஒரு முறை காலால் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஹவா ஸியாதா, ரஃபீக்." காற்று ஜாஸ்தி, நண்பரே. நம் 'ஜாஸ்தி'யின் பிறந்த வீட்டில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று தோன்றியது. நான்கு டயரிலிருந்தும் அவரே காற்றை இறக்கினார். வண்டியைப் பின்னோக்கி மட்டும் விடச் சொன்னார். குழந்தை தவழ்வது போல வெளியே வந்துவிட்டது. காசு வாங்கவில்லை. அத்தான் பேரீச்சம்பழத்தை நீட்டியபோது, அவர் தன் வண்டியிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து ஏலக்காய் மணக்கும் கஹ்வா காபியை ஊற்றித் தந்தார். போதும் என்றால் வாயால் சொல்வதில்லை. கிண்ணத்தை இடமும் வலமும் லேசாக ஆட்டினால் போதும். எனக்கு அது தெரியாமல் ஐந்து கிண்ணம் குடித்தேன்.

மணலில் முளை வேறு மாதிரி ஏமாற்றியது. வெண்ணெயில் கத்தி போல இறங்கி, அதே வேகத்தில் கையோடு வந்தது. அதற்கும் அக்காவிடம் வழி இருந்தது. காலி அரிசிப் பைகளில் மணலை நிரப்பி, கயிற்றை அவற்றில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தோம். காற்று எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம் இருந்தது. மேட்டின் அடியில், வேறு பச்சையே இல்லாத இடத்தில், ஒட்டகங்கள் எட்டும் உயரம் வரைக்கும் கத்தரித்தது போல மொட்டையாக, அதற்கு மேலே குடையாக. பொடி இலை, சின்ன முள். ஓமானியர் இதை 'காஃப்' என்கிறார்கள், வெட்டக் கூடாத மரமாகக் காக்கிறார்கள். நான் ஓர் இணுக்கைக் கையில் வைத்துப் பார்த்தேன். "இது நம்ம வன்னி மரம்லா!" என்றாள் அக்கா. அதேதான். விருத்தாசலம் கோயிலின் தல மரம். விஜயதசமி அன்று சாமி குதிரையேறி வந்து அம்பு போடுகிற மரம். பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்துவைத்த மரம். கோயில் பிராகாரத்தில் பார்க்கும்போது அது ஏன் புனிதமானது என்று எனக்குப் புரிந்ததில்லை. இங்கே கேள்வியே எழவில்லை. இந்த மணலில் நிழல் தருவதும், ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீவனம் தருவதும் பெரும்பாலும் அதுதான். வேர் பல பத்து மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரைத் தேடிப் போகும். வருகிற வழியில் வாதிக் கரைகளில் அதன் உறவான சீமைக்கருவேலத்தையும் பார்த்திருந்தோம். அந்தச் சனியன் அங்கேயும் பரவி, தலைவலி கொடுத்துக்கொண்டிருக்கிறது. தங்கையின் கொடுமையைப் பார்த்த பிறகு அக்காளின் அருமை தெரிவது போலத்தான்.

இரவில் மணல் குளிர்ந்தது. அடுப்பை அணைத்ததும் வானம் கிட்டே இறங்கியது. யாரும் பேசவில்லை. ஒரு பாலைவனத்தில் எதிர்பார்த்தபடியே எல்லாம் இருந்தது, விடியும் வரைக்கும்.

விடிந்ததும் கூடாரத் துணியில் கை வைத்தேன். நனைந்திருந்தது. மழை இல்லை. மணலின் மேல்தோல் கூட ஈரமாக, கால் வைத்தால் ஒட்டியது. தெற்கிலும் கிழக்கிலும் இருக்கிற கடலிலிருந்து ஈரக்காற்று இரவெல்லாம் உள்ளே வந்து, குளிர்ந்த எதைத் தொட்டாலும் பனியாக இறங்குகிறது. இங்குள்ள பூச்சியும் செடியும் அந்த ஈரத்தில் பிழைக்கின்றன. இந்த மணலிலும் கடல் இருக்கிறது. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோது வெளியே கிடந்த கடலடிச் சிப்பித்தூளைக் காற்று வாரிக் கொண்டுவந்து சேர்த்த பங்கு இதில் உண்டு. மலையும் கடல்; மணலும் கடல்; எங்கள் கேனில் இருந்ததும் உப்பு நீக்கிய கடல். அக்கா கூடாரத் துணியின் நுனியை முறுக்கிப் பிழிந்தாள். நாலைந்து சொட்டு விழுந்தது. "எங்கருந்துல வருது இது!" என்று அவள் சிரித்ததை இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

*

டயருக்கு மறுபடி காற்றடித்துக்கொண்டு கிழக்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் நிலம் தீர்ந்துவிடுகிறது. அரேபியத் தீபகற்பத்தின் கிழக்குக் கோடியில் ராஸ் அல் ஹத். அதற்குச் சற்றுத் தெற்கே ராஸ் அல் ஜின்ஸ், 1996இல் ஆமைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட கடற்கரை. அந்தக் கரையில் கூடாரம் போடக் கூடாது. வெளிச்சமும் சத்தமும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். எட்டத்தில், கரையை விட்டு உள்ளே தள்ளித் தங்கினோம். இரவுச் சுற்றுக்கு முன்கூட்டியே பதிந்து வைத்தது அக்கா மகளின் வேலை.

கைப்பேசியை அணைத்துவிட்டு, வழிகாட்டியின் சிவப்பு விளக்கு ஒன்றின் பின்னால் ஒற்றை வரிசையில் இருட்டில் நடந்தோம். பச்சைக் கடலாமை, நம் மீனவர்கள் சொல்லும் பேராமை, கோடையில்தான் திரளாக வரும். குளிர்காலத்தில் ஒன்றிரண்டு வந்தால் அதிர்ஷ்டம். எங்களுக்கு ஒன்று வந்தது. வண்டிச் சக்கரம் அளவு ஓடு. குழிக்குள் இறங்கிப் பின்துடுப்பால் மணலை அள்ளி எறிந்தது. ஒரு துடுப்பு அள்ளும்போது மற்றது மணல் சரியாமல் அணைத்துப் பிடிக்கிறது. முந்தின நாள் மண்வெட்டியோடு நாங்கள் தோற்ற வேலை. பிறகு பெருமூச்சு விட்டு முட்டைகளை இறக்கத் தொடங்கியது. ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண் குஞ்சு வளர்ந்த பிறகு, தான் பொரிந்த கரைக்கே முட்டையிடத் திரும்பி வருகிறது. "பொறந்த ஊரு" என்று அக்கா என் காதருகே மெல்லச் சொன்னாள். வழிகாட்டி திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

இந்தக் கரைக்கு மனிதர்கள் வந்துபோன கணக்கும் பழையது. ராஸ் அல் ஜின்ஸில் அகழ்ந்தபோது, நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நாணல் படகுகளில் பூசிய நிலக்கீல் துண்டுகள், நாணலின் தழும்போடு கிடைத்தன. கூடவே சிந்துவெளி எழுத்துக் கீறிய பானை ஓடு. தெற்கே வெகு தூரத்தில், தோஃபார் கடற்கரையின் கோர் ரோரியில் 2006இல் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமியில் 'ணந்தை கீரன்' என்று எழுதியிருந்தது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முந்தையது. எந்தக் கணக்குக்காகக் கடல் தாண்டினானோ அந்தக் கீரன். அவன் மரக்கலத்திலும் முதலில் ஏறியது தண்ணீர்ப் பானையாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் காலை சூர் துறைமுகத்தில் மரக்கலம் கட்டும் பட்டறையைப் பார்த்தோம். மலபார் தேக்கில் 'தோவ்' கட்டி, ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் ஓட்டிய ஊர். 1951இல் இங்கே கட்டிய ஃபத் அல் கைர் என்ற பாய்மரக் கப்பலைக் கரையேற்றிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கடலோரச் சாலையில் வடக்கே போனால் வாதி ஷாப். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நடந்து, பச்சைத் தண்ணீரில் நீந்தி, தலை மட்டும் நுழையும் பிளவு வழியாக ஒரு குகைக்குள் போனால் உள்ளே அருவி. பயணத்தில் அக்கா மகள் மிக ஆசையாகக் காத்திருந்த இடம் அது.

அக்கா வண்டியை விட்டு இறங்கவில்லை. கடல் பக்கம் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. அவள் பார்த்தது எதிர்ப்பக்கம். மலை முகட்டில் ஒரு சாம்பல் கம்பளி விரிந்துகொண்டிருந்தது. வாதியில் வெள்ளம் வர நம் தலைமேல் மழை பெய்யத் தேவையில்லை. மொட்டைப் பாறை ஒரு சொட்டையும் குடிக்காது. மலையில் பெய்வதெல்லாம் அப்படியே குறுகிய பள்ளத்தில் சேர்ந்து, மணிக்கணக்கில்கூட அல்ல, நிமிடக்கணக்கில் கீழே வந்துவிடும்.

"நல்லா வெயிலடிக்குது, ஒரு மணி நேரம்மா" என்றாள் மகள்.

"அது பென்சில்ல எழுதினது" என்றாள் அக்கா.

அத்தான் வண்டியைக் கிளப்பினார். நான் உட்பட எல்லாருக்கும் கடுப்புதான். ஃபின்ஸின் வெள்ளைக் கடற்கரையில், முந்தின அலை விட்டுப்போன பாசிக் கோட்டுக்கு மேலே, கூழாங்கல் கலந்த மணலில் கூடாரம் போட்டோம். இங்கே முளை முதல் அடியிலேயே பிடித்தது. சாயங்காலம் மலைப் பக்கம் மின்னியது. எங்கள் தலைமேல் ஒரு தூறல்கூட இல்லை. காலையில் கொஞ்சம் திரும்பிப் போய் வாதி கடலில் சேரும் இடத்தைப் பார்த்தபோது, நீலக் கடலுக்குள் ஓர் ஆள் நீளத் துண்டை விரித்தது போலச் செம்பழுப்பு நிறம் பரவியிருந்தது. பெரிய வெள்ளம் இல்லை. குகைக்குள் தலை மட்டும் நுழைந்து நிற்கிறவனுக்கு அந்த அளவே போதும். அக்கா மகள் அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நோட்டில் 'வாதி ஷாப்' என்றிருந்ததை அழித்துவிட்டு அடுத்த பக்கத்தில் மறுபடி எழுதினாள். பென்சிலில்.

*

வீட்டுக்கு வந்து வண்டியை இறக்கியபோது மணல் எல்லாவற்றிலும் இருந்தது, உப்பு ஜாடிக்குள்கூட. கணக்கு முடிக்க வேண்டும் என்று அக்கா மகள் நோட்டோடு நின்றாள். ஆறு கேன் காலி, ஒன்றின் அடியில் ஒரு லிட்டர். சிவப்புக் கயிறு கட்டியது அப்படியே இருந்தது.

"பாத்தியா, பதினோரு லிட்டர் மிச்சம். சும்மா சுமந்துட்டு வந்திருக்கோம்" என்றார் அத்தான்.

அக்கா பதில் சொல்லவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அங்கே ஐந்து நாளாகத் தண்ணீர் காணாமல் கறிவேப்பிலைத் தொட்டி தலை தொங்கிக் கிடந்தது. ஊரிலிருந்து கன்றாகக் கொண்டுவந்த செடி. கயிற்றை அவிழ்த்து, மூடியைத் திருகி, வேரில் மட்டும் விழும்படி மெல்லச் சாய்த்தாள். கடலில் பிறந்து, மலையேறி, மணலில் உருண்டு, மறுபடி கடலைப் பார்த்துவிட்டு வந்த தண்ணீர். தொட்டியின் மண் அதைச் சத்தத்தோடு குடித்தது.

"அடுத்த தடவைக்கு எவ்வளவும்மா எழுதட்டும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எம்பதுதான்" என்றாள் அக்கா, கயிற்றை மடித்து இடுப்பில் செருகியபடி.